கல்மர அறையில் ஒரு தொடை எலும்பு

கல்லை நாக்கால் தொட்டுப் பார்ப்பது எங்கள் தொழிலில் கேவலமான காரியம் இல்லை. மண்ணுக்குள் கிடந்து கல்லாகிப்போன எலும்பில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைய இருக்கும். நுனி நாக்கை வைத்தால் பிடித்து இழுக்கும். வெறும் கல் அப்படி இழுக்காது. ராயபுரத்து மியூசியத்தில் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள், எலும்பு அறைத் தரையில் உட்கார்ந்து நான் இந்தச் சோதனையைச் செய்துகொண்டிருந்தபோது அட்டெண்டர் உள்ளே வந்துவிட்டார்.

"இன்னாமா, கல்லை நக்கிகினு கீறே? வூட்ல நாஷ்டா துன்னலியா?"

"எலும்பா கல்லான்னு பாக்குறேன் நைனா."

"அதுக்கு நாக்கு இன்னாத்துக்கு? எலும்பு ரூம்ல கீதுன்னா எலும்பு. கல்லு ரூம்ல கீதுன்னா கல்லு. சீட்டு ஒட்டி வெச்சிகீதுல்ல?"

சீட்டில் எழுதியிருப்பது தப்பாக இருக்கலாம் என்றேன். அவர் என்னைப் பாவமாகப் பார்த்துவிட்டு, ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அறுபதுகள் முடியப்போகிற காலம் அது. எனக்கு இருபத்து நான்கு வயது.

மியூசியம் என்று சொல்வது மரியாதைக்காகத்தான். ரயில் பாதைக்கும் துறைமுகச் சுவருக்கும் நடுவில், ஒரு பழைய வெள்ளைக்காரக் கம்பெனியின் கிடங்கு அது. கம்பெனி துரைகள் பொழுது போகாமல் சேர்த்துவைத்த வண்ணத்துப்பூச்சி, வாள், பாடம் செய்த முதலை, கல், எலும்பு எல்லாம் உள்ளே கிடந்தன. கம்பெனி போன பிறகு அரசாங்கம் எடுத்துக்கொண்டு ஒரு சூப்பரின்டெண்டென்ட், ஒரு அட்டெண்டர், ஒரு வாட்ச்மேன் என்று மூன்று பேரைப் போட்டது. நாலாவதாகத் தற்காலிக உதவியாளர் என்ற பெயரில் நான். கூட்ஸ் வண்டி போனால் கண்ணாடி அலமாரிகள் எல்லாம் கடகடவென்று ஆடும். துறைமுகத்திலிருந்து வரும் நிலக்கரித் தூளை இன்று துடைத்தால் நாளைக்கு அதே இடத்தில் அதே அளவு இருக்கும்.

எங்கள் வீடு ராயபுரம் மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில். அப்பா துறைமுகத்தில் வின்ச் ஓட்டுகிறவர். ஜியாலஜி படித்த பெண்ணுக்கு எங்கே போய் மாப்பிள்ளை தேடுவது என்பது அம்மாவின் கவலை. எனக்குக் கவலை கிடையாது, கோபம்தான். எதற்கெடுத்தாலும் மூக்குக்கு மேல் வரும். மியூசியத்தில் அது வர ஏராளமான காரணங்கள் இருந்தன.

முதல் காரணம் சூப்பரின்டெண்டென்ட். நல்ல மனிதர்தான். ஆனால் அவருக்குக் கல்லுக்கும் எலும்புக்கும் வித்தியாசம் தெரியாது. மெமோவுக்கும் சர்க்குலருக்கும் உள்ள வித்தியாசம் நன்றாகத் தெரியும். அட்டெண்டர் அப்படி இல்லை. எர்ணாவூரிலிருந்து தினமும் சைக்கிளில் வருவார். அரசாங்க வேலைக்கு வருமுன் துறைமுகத்தில் சரக்குப் படகுகளுக்குக் கலப்பத்து அடித்துக்கொண்டிருந்தவர். பலகை இடுக்கில் பஞ்சைத் திணித்து, குங்கிலியத்தைப் பொடி செய்து எண்ணெயில் காய்ச்சிப் பூசி, தண்ணீர் புகாமல் அடைக்கிற வேலை அது. எர்ணாவூரில் இருந்து ராயபுரம் வரை அவருக்குத் தெரியாத ஆள் கிடையாது. எல்லோரையும் கிண்டல் செய்வார். அடுத்த ஜூன் மாதக் கடைசியில் ஓய்வு பெற வேண்டியவர்.

எலும்பு அறையில் மூன்றாவது தட்டில் ஏழு பெரிய எலும்புகள் இருந்தன. "திமிங்கிலத்தின் முதுகெலும்பு" என்று சீட்டு. அதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் பக்கத்தில் திமிங்கில முதுகெலும்பு எப்படியிருக்கும் என்று தெரியாத பிள்ளை கிடையாது. காசிமேட்டில் என் அத்தை வீட்டு வாசலிலேயே ஒன்று கிடக்கிறது. அத்தை மீன் அரியும்போது அதன்மேல்தான் உட்காருவாள். மேலும் தட்டை, கீழும் தட்டை, சொகுசான ஆசனம். மியூசியத்து எலும்புகளோ ஒரு பக்கம் குழி, மறுபக்கம் தேங்காய் மூடியைக் கவிழ்த்த மாதிரி உருண்டை. அதன்மேல் எந்தப் பெண்பிள்ளையும் உட்கார்ந்து மீன் அரிய முடியாது. அத்தை உட்கார முடியாத எலும்பு திமிங்கிலத்தினுடையதாக இருக்க முடியாது என்பதுதான் என் முதல் ஆராய்ச்சி முடிவு.

இதை நிரூபிக்க அத்தையின் ஆசனத்தைக் கடன் கேட்டேன். அவள் லேசில் தரவில்லை. "வெள்ளிக்கெயமைக்குள்ள வூடு வந்து சேரணும். வெள்ளிக்கெயமை எம்மாம் மீனு அரியணும்னு உனக்குத் தெரியும்ல?" வெள்ளிக்கிழமை எங்கள் ஜனங்கள் கறி தொடமாட்டார்கள், மீன்தான். நானும் அட்டெண்டரும் அதைச் சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு வந்தோம். வழியெல்லாம் தெரிந்தவர்கள் நிறுத்தி நிறுத்தி விசாரித்தார்கள். "அம்மாவுக்குச் சீர் வந்துகீது" என்று அவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே வந்தார்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். சந்தேகமே இல்லை, வேறு வேறு. குழியும் உருண்டையும் ஒன்றுக்குள் ஒன்று பொருந்துகிற வால் எலும்பு முதலைக்கும் உண்டு. பாடம் செய்த முதலையை இழுத்து வந்து அதையும் ஒப்பிட்டேன். அதன் வால் எலும்பு என் கைமுட்டி அளவுகூட வராது. இதுவோ மரக்கால் அளவு. இவ்வளவு பெரிய வால் எலும்பு இந்த அமைப்பில் இருக்க வேண்டுமென்றால் எனக்குத் தெரிந்து ஒரே வகைதான். சாரோபாட் என்று சொல்வார்கள். நீண்ட கழுத்து, நீண்ட வால், தூண் மாதிரி நாலு கால், இலை தழை தின்கிற டைனோசர். என்னால் கத்தாமல் இருக்க முடியவில்லை. எதிரே கூட்ஸ் வண்டி போய்க்கொண்டிருந்ததால் சூப்பரின்டெண்டென்டுக்குக் கேட்கவில்லை.

பழைய பதிவேட்டைப் புரட்டினேன். ரயில் பாதை போட வந்த ஓர் எஞ்சினியர் அரியலூர்ப் பக்கம் பொறுக்கிக் கொடுத்தவை என்று இருந்தது. கடலே இல்லாத ஊரில் கிடைத்ததற்குத் திமிங்கிலம் என்று சீட்டு ஒட்டிய மகானை நினைத்து அன்றைக்குப் பூரா திட்டிக்கொண்டிருந்தேன். பிற்பாடு, அங்கே முன்னொரு காலத்தில் கடல் இருந்தது நினைவுக்கு வந்து, பாதித் திட்டை வாபஸ் வாங்கிக்கொண்டேன். படம் வரைந்து, அளவெடுத்து, கல்கத்தாவில் இதில் பழுத்த ஒரு நிபுணருக்குக் கடிதம் எழுதினேன். சூப்பரின்டெண்டென்ட் கடிதத்தைப் படிக்கவில்லை, எண்ணும் தேதியும் சரியாக இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

ஒன்றரை மாதம் கழித்துப் பதில் வந்தது. நான் நினைத்தது சரியாக இருக்கலாம் என்று நிபுணர் எழுதியிருந்தார். வால் எலும்பை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது. அதே இடத்தில் எடுத்த கால் எலும்பு ஏதாவது உங்கள் பதிவேட்டில் இருக்கிறதா, ஜூன் மாதம் மதராஸ் வருகிறேன், வந்து பார்க்கிறேன் என்று கேட்டிருந்தார். தலைகால் புரியாமல் பதிவேட்டைத் திறந்தேன். இருந்தது. எண் முப்பத்தொன்று: தொடை எலும்பு, அதே எஞ்சினியர், அதே ஊர், நீளம் நாலடி இரண்டு அங்குலம். ஓரத்தில் மசியால் வரைந்த அழகான படம்கூட இருந்தது. ஆனால் எலும்பு அறையில் அந்த எலும்பு இல்லை.

சூப்பரின்டெண்டென்டிடம் போய்ப் பெருமையாகக் கேட்டேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்து நான் வாயை மூடிக்கொண்டேன். அவர் எழுந்து போய், பீரோவின் அடித்தட்டிலிருந்து சிவப்பு நாடா கட்டிய ஒரு ஃபைலை எடுத்துவந்து போட்டார்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் இருப்புச் சரிபார்ப்பு நடந்திருக்கிறது. எண் முப்பத்தொன்று காணவில்லை. அறைச் சாவி அட்டெண்டரிடம். விளக்கம் கேட்டதற்கு "எனக்குத் தெரியாது" என்று ஒற்றை வரியில் பதில். அதற்குள் அப்போதிருந்த பெரிய அதிகாரிக்கு மாற்றலாகிவிட, ஃபைல் அப்படியே தூங்கிவிட்டது. கடைசிப் பக்கத்தில் "களவு எனச் சந்தேகம்" என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தது.

"இப்போ வெளியாள் எழுத்துமூலமா கேட்டிருக்கார்மா. நாம எழுத்துமூலமா பதில் சொல்லணும். நம்ம அட்டெண்டர் ஜூன் கடைசியில ரிட்டயர் ஆறார். அதுக்குள்ள இதை முடிக்கலேன்னா நான் போலீசுக்கு எழுதியாகணும். வேற வழியே இல்லை" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை என்பதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. தூங்கிக்கொண்டிருந்த ஃபைலைத் தட்டி எழுப்பியது நான். என் அத்தையின் ஆசனமும், என் படங்களும், என் கெட்டிக்காரத்தனமும்.

அட்டெண்டர் என்மேல் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. கிண்டல் செய்வதை நிறுத்திவிட்டார். வருவார், கூட்டுவார், தண்ணீர் வைப்பார், போவார். "நைனா, அந்த எலும்பு இன்னா ஆச்சு?" என்று நானே கேட்டேன். "எனக்குத் தெரியாதுமா" என்று ஃபைலில் இருந்த அதே வரியைச் சொன்னார்.

எங்கள் வாட்ச்மேனும் எர்ணாவூர்க்காரன். அவன் வாயில் எதுவும் நிற்காது. அடுத்த வாரமே அட்டெண்டரின் மனைவி மியூசியத்துக்கு வந்துவிட்டார். வெயிலில் பஸ் பிடித்து வந்த முகம் சிவந்திருந்தது. புருஷன் வெளியே போயிருந்த நேரம் பார்த்துத்தான் வந்திருந்தார்.

"நீதான் அந்த எலும்புக்காரப் பொண்ணா?"

ஆமாம் என்றேன்.

"கொயாயாண்ட போக முடியலமா. 'எலும்புத் திருடன் பொண்டாட்டி வந்துட்டா, கொடத்த பாத்துக்கோங்கடி'ன்றா எதுர்வூட்டுக்காரி. அப்போ ரெண்டு வருசம் இப்டித்தான் பேசிகினு கெடந்தா. அப்பால மறந்துட்டா. இப்போ மறுபடியும் ஆரம்பிச்சிட்டா." அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். குரல் இறங்கிவிட்டது. "அது எட்த்துச்சா இல்லியான்னு எங்கிட்டயே சொல்ல மாட்டேன்துமா. கேட்டா, மொகத்த திருப்பிக்குது. பதினோரு வருசமா நானும் மத்தவங்கள ஏசிகினே கீறேன், உள்ளுக்குள்ள எனக்கே சந்தேகம். நீ படிச்ச பொண்ணு. நீயாச்சும் கண்டுபுடிச்சி சொல்லு."

புருஷன் திருடனா இல்லையா என்று தெரியாமலே அவனுக்காகப் பதினோரு வருஷம் தெருச் சண்டை போடுவது எப்படி முடியும் என்று இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்தான்.

மறுநாளிலிருந்து தேட ஆரம்பித்தேன். எலும்பு அறை, பரண், கொல்லைப்புறம், வாள் அலமாரிக்குப் பின்னால் என்று ஒன்று விடவில்லை. கடைசியாக மிச்சம் இருந்தது கல்மர அறை. திருவக்கரைப் பக்கத்திலிருந்து வந்த, மரமாயிருந்து கல்லாகிப்போன துண்டுகள் எட்டு அங்கே கிடந்தன. மேற்குப் பார்த்த அறை, ஓடு உடைந்திருக்கும், பகலில் யாரும் நுழைய மாட்டார்கள். கத்திரி வெயில் உச்சத்தில் இருந்த ஒரு மே மாதப் பிற்பகல், எலும்பு ஏதாவது பின்னால் விழுந்து கிடக்கிறதா என்று பார்ப்பதற்காக உள்ளே போனேன்.

உள்ளே எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு வாசனை அடித்தது. எங்கள் சந்துக் கோடியில் படகு பழுது பார்க்கிற இடம் உண்டு. பள்ளிக்கூடம் விட்டு வரும்போதெல்லாம் அந்த வாசனையைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போவோம். சூடான குங்கிலியம், எண்ணெய், கொஞ்சம் தார். கல் கிடங்கில் படகு வாசனைக்கு என்ன வேலை?

மோப்பம் பிடித்துக்கொண்டே போனேன். ஓட்டை ஓடு வழியாக வெயில் நேராக விழுந்த இடத்தில் ஒரு பெரிய கறுப்புத் துண்டு கிடந்தது. "கல்மரம்" என்று சீட்டு. அதன் பக்கவாட்டில் ஒரு சொட்டுக் கறுப்புப் பிசின் வடிந்து நின்றது. விரலால் தொட்டேன், ஒட்டியது. கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன் செத்துக் கல்லாகிப்போன மரம் வெயிலில் பிசின் வடிக்குமா? குனிந்து பார்த்தேன். மற்றத் துண்டுகள் அடிமரம் மாதிரி உருண்டையாக இருந்தன, வெட்டு முகத்தில் வளையங்கள் தெரிந்தன. இது தட்டையாக அமுங்கியிருந்தது. ஒரு முனை அகலம். மேல்முனைக்குச் சற்றுக் கீழே ஒரு பக்கம் மட்டும் புடைத்திருந்தது. பதிவேட்டில் மசியால் வரைந்த படத்திலும் அதே புடைப்பு.

பழக்கதோஷத்தில் நாக்கை வைத்துவிட்டேன். தார்க் கசப்பு அன்று முழுக்கப் போகவில்லை.

"நைனா!" என்று நான் கத்திய கத்தலுக்கு அவர் துடைப்பத்தோடு ஓடிவந்தார். நான் எதன் பக்கத்தில் நிற்கிறேன் என்று பார்த்ததும் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"இது எலும்புதானே?"

அவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, அங்கேயே குந்திக்கொண்டார்.

"ஒரு பெரிய மன்சன் மியூசியம் பாக்க வர்றாருன்னாங்கமா. எலும்புக்கு அடியில குப்ப கெடந்துச்சு. தூக்க ஆளு இல்ல. ஆர்பர்ல சரக்க நவுத்துறா மாதிரி அடியில பைப்பு போட்டு உருட்டுனேன். தரை சாய்ப்பு. உருண்டுகினு போயி தூணுல மோதி மூணு துண்டா பூட்ச்சு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. உடைச்சேன்னு தெரிஞ்சா சீட்டக் கியிச்சி வூட்டுக்கு அனுப்பிடுவாங்க. பெரிய ஐயா நாலு நாளு லீவு. நம்பளுக்குத் தெரிஞ்ச வேலை இன்னா? பஞ்ச வெச்சி, குங்கிலியம் காச்சி ஒட்டுனேன். ஒட்டு தெரியக்கூடாதுன்னு மேலயும் கீயயும் தாரு கலந்து பூசிட்டேன். சோக்கா வந்துச்சு."

"அப்புறம்?"

"சீட்டு பூச்சுல ஊறிப் பூட்ச்சு. ஐயா லீவு முடிஞ்சி வந்தாரு. பாத்தாரு. 'இந்த மரம் இன்னாத்துக்கு எலும்பு ரூம்ல கீது, அந்த ரூம்ல கொண்டு போயி போடு'ன்னாரு. அவரே அவரு கையால கல்மரம்னு சீட்டு எய்தி ஒட்டுனாரு. ஐயா மரம்னு சொன்னப்பால நான் எலும்புன்னு சொல்றதா?"

"காணோம்னு ஃபைல் போட்டப்போ சொல்லியிருக்கலாமே!"

"இன்னான்னு சொல்றது? ஐயாவுக்கு மரம் இன்னா எலும்பு இன்னான்னு தெரியலன்னா? இல்ல, நான் உடைச்சேன்னா? காணோம்னா கொஞ்ச நாளு தேடுவாங்க, உட்டுடுவாங்கன்னு இருந்துட்டேன்."

எனக்கு வந்த கோபத்தில் முதலில் அந்தப் பழைய அதிகாரியைத் திட்டினேன், பிறகு இவரைத் திட்டினேன். பிறகு அந்த எலும்பைப் பார்த்தேன். மூன்று துண்டாக உடைந்ததற்கு அடையாளமே இல்லை. திட்டுவது நின்று சிரிப்பு வந்துவிட்டது. அவர் பயந்துபோய் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேல்பூச்சை எடுத்தாக வேண்டும் என்று சொன்னதும் அவருக்கு ரோஷம் வந்தது. "என் பூச்சையா?" என்றார். ஒட்டில் கைவைக்க மாட்டோம், மேலே மட்டும் என்று சமாதானப்படுத்தினேன். மண்ணெண்ணெய், கோணித் துண்டு, கொட்டாங்கச்சிச் சில்லு. ஐந்து நாள் இருவரும் உட்கார்ந்து சுரண்டினோம். என் கையும் புடவையும் கறுத்துப் போயின. அம்மா என்னைக் கொல்லைப்புற வழியாகத்தான் வீட்டுக்குள் விட்டாள். கறுப்புக்கு அடியிலிருந்து, பிள்ளையைக் குளிப்பாட்டி எடுத்தது போல, பழுப்பு நிறத்தில் எலும்பு வந்தது. நாக்கை வைத்தேன். பிடித்து இழுத்தது.

"ஒட்டிச்சா?"

"ஒட்டிச்சு நைனா!"

அளந்தோம். பதிவேட்டில் நாலடி இரண்டு அங்குலம். எங்கள் நாடாவில் அதைவிட அரை அங்குலம் கூட வந்தது. அந்த அரை அங்குலம் இவர் இரண்டு ஒட்டிலும் திணித்த பஞ்சு.

சூப்பரின்டெண்டென்ட் வந்து பார்த்தார், தொட்டார், கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டார். "நீ சொன்னா போதாதும்மா. அவர் எழுதிக் கொடுக்கட்டும்" என்றார். ஆகவே எல்லாம் கல்கத்தாக்காரர் கையில் என்று ஆயிற்று.

அவர் ஜூன் இரண்டாவது வாரம் வந்தார். குட்டையான மனிதர், கையில் குடை. ஒரு மணி நேரம் எலும்பைச் சுற்றிச் சுற்றி வந்தார். லென்ஸை வைத்துப் பார்த்தார், படத்தோடு ஒப்பிட்டார், படுத்துக்கொண்டு அடிப்பக்கத்தைப் பார்த்தார். அட்டெண்டர் கதவோரம் தண்ணீர்ச் சொம்போடு நின்றார். நிபுணர் நகர்ந்த பக்கமெல்லாம் அவர் தலையும் திரும்பியது. கடைசியில் நிபுணரும் நாக்கை வைத்துப் பார்த்தார். அட்டெண்டர் என்னைப் பார்த்து, அவ்வளவு பயத்திலும், கண்ணைச் சிமிட்டினார்.

"சாரோபாட் தொடை எலும்பு. பதிவேட்டில் இருக்கும் முப்பத்தொன்று இதுதான். எழுதித் தருகிறேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னார் நிபுணர். பிறகு, மேலே ஏதோ பூசி எடுத்திருக்கிறீர்களே, பூசியது யார் என்று கேட்டார். சூப்பரின்டெண்டென்ட் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். நிபுணர் எங்களை எலும்பு அறைக்கு அழைத்துப் போய் வால் எலும்புகளைக் காட்டினார். விரலால் லேசாகத் தடவினால் மாவாக உதிர்ந்தது. கடற்காற்றின் உப்பு உள்ளே போய் அரித்திருந்தது. நான் ஒரு வருஷமாக நிலக்கரித் தூள் என்று நினைத்துத் துடைத்துக் கொட்டியதில் பாதி டைனோசர் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பூச்சுக்கு அடியில் இருந்த தொடை எலும்பின் தோல் மட்டும், தசை ஒட்டியிருந்த தழும்பு முதற்கொண்டு, அப்படியே இருந்தது. "யார் பூசியிருந்தாலும் எனக்கு உபகாரம் செய்திருக்கிறார்" என்று சொல்லிவிட்டு அவர் குடையை எடுத்துக்கொண்டு போனார்.

களவு ஒழிந்தது. ஆனால் மரம் எப்படி எலும்பாயிற்று என்று ஃபைலில் ஒரு வாக்குமூலம் வேண்டும் என்றார் சூப்பரின்டெண்டென்ட். நான் கெட்டிக்காரத்தனமாக ஒன்று எழுதினேன்: கடற்காற்றிலிருந்து காப்பதற்காக அட்டெண்டர் பூச்சுப் பூசினார், அதனால் அடையாளம் மாறிவிட்டது. ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லாத மாதிரியும் இருந்தது, ஒருவருக்கும் சேதமில்லை. கையெழுத்துக்கு அவரிடம் நீட்டினேன்.

"படி" என்றார். படித்தேன்.

"உடைஞ்சது எங்க?"

"அது வேணாம் நைனா. இன்னும் ரெண்டு வாரம்தான். எதுக்கு வம்பு?"

"எய்து. உடைச்சது நானு."

"பைத்தியமா புடிச்சிருக்கு உங்களுக்கு? பதினோரு வருஷம் பயந்துகிட்டு இருந்தீங்களே!"

"பயந்தேன். உடைச்சத எய்தலன்னா ஒட்டுனத எப்டிமா எய்துவே?" என்றார். "பதினோரு வருசமா அந்த ஒட்டு உடாம நிக்கிது. ஐயா வந்து பாத்தாரு, மரம்னாரு. கணக்கெடுக்க வந்தவன் அதும்மேலயே குந்திகினு பீடி புடிச்சான். இப்போ கல்கத்தாக்காரரு அதும் அடியில படுத்துப் பாத்தாரு, அவருக்கும் ஒட்டு தெரியல. எய்து, சொல்றேன்."

நான் எவ்வளவோ வாதாடினேன். அவர் என்னைவிடப் பிடிவாதக்காரர் என்று அன்றுதான் தெரிந்தது. தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதினேன். உடைத்தது நான், ஒட்டியதும் நான், பூசியதும் நான். கீழே அவர் கோணல் கையெழுத்து.

சூப்பரின்டெண்டென்ட் இரண்டு நாள் அந்தத் தாளை வைத்துக்கொண்டு விழித்தார். மூன்றாம் நாள் மெமோ வந்தது. அஜாக்கிரதையால் உடைத்ததற்கும், அனுமதியின்றிப் பழுது பார்த்ததற்கும் கண்டனம். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஓய்வு பெறப் போகிற மனிதனுக்குக் கடைசியாகக் கொடுப்பது கண்டனமா என்று சூப்பரின்டெண்டென்ட் அறைக்கே போய்ச் சண்டை போட்டேன். "முழுசா படிச்சியாம்மா?" என்று மட்டும் கேட்டார். படிக்கவில்லை. அட்டெண்டர் அதற்குள் மெமோவை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சைக்கிளில் போய்விட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எர்ணாவூர் வரச் சொல்லியிருந்தார். சாப்பாடு என்றுதான் அழைப்பு. போய் உட்கார்ந்ததுமே அவர் மனைவி இலை போடாமல் மெமோவைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். அட்டெண்டர் மூலையில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

"இங்கிலீசுல கீதாம். அதுக்கே இன்னா எய்திகீதுன்னு தெரியாது. நீ படிச்சி தமிய்ல சொல்லு."

அப்போதுதான் நானும் முழுதாகப் படித்தேன். இந்த அட்டெண்டர் எண் முப்பத்தொன்றை உடைத்தார். அதைத் தம் கையாலேயே மூன்று துண்டும் சேர்த்து ஒட்டினார். ஒட்டுப் பதினோரு வருஷம் கழித்தும் உறுதியாக இருப்பது பரிசோதித்துக் காணப்பட்டது. உடைத்ததற்கும் அனுமதி பெறாததற்கும் கண்டிக்கப்படுகிறார். களவு என்ற சந்தேகத்துக்கு ஆதாரம் ஏதும் இல்லை, அது முற்றிலும் நீக்கப்படுகிறது. அந்தக் காகித மனிதர் சூப்பரின்டெண்டென்ட் ஒட்டைப் பற்றி ஒரு வரி எழுதுவார் என்று நான் நினைக்கவே இல்லை. அவரைத் திட்டியதை எல்லாம் அங்கேயே வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

"எட்த்துகினு போச்சுன்னு எங்கனாச்சும் கீதா?"

"இல்லை. எடுக்கவே இல்லைன்னு எழுதியிருக்கு."

அவர் புருஷன் பக்கம் திரும்பினார். பிறகு எழுந்து போய் அவர் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தார்.

"எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா கேடு உனக்கு?"

"உனக்குத் தெரிஞ்சா ஊருக்கே தெரிஞ்சிடும்னுதான்..."

"ஊருக்குத் தெரியணும்னுதான்யா நான் பதினோரு வருசமா செத்துகினு கீறேன்!"

சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். எதிர் வீட்டுக் கதவு திறந்திருந்தது. யாரோ முறத்தில் அரிசி புடைக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் என் கையைப் பிடித்து எழுப்பி வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"இங்க நின்னு படி. மொதல்லேர்ந்து படி. சத்தமா."

முறச் சத்தம் நின்றது. நான் தெருவைப் பார்த்து நின்று, பூசையில் வாசகம் படிக்கிறவர்கள் குரலில், உடைத்ததிலிருந்து ஆரம்பித்தேன்.